உறைந்த பல்லும் ஒட்டுநாடாவும்

நம் உடலில் பல்லின் எனாமலைவிடக் கடினமான பொருள் வேறில்லை. எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமம். பல்லின் நடுவிலோ இரத்தக்குழாய்களும் நரம்புகளும் நிறைந்த மென்மையான கூழ். நுண்ணோக்கியில் பார்க்க, ஒளி ஊடுருவும் அளவுக்கு இதை மெல்லியதாகச் சீவ வேண்டும். ஒரே கத்தி கல்லையும் கூழையும் எப்படி வெட்டும்?

டெல்ஃப்ட் நகரத் துணி வணிகர் லேவன்ஹூக், பல்லுக்குள் நுண்குழாய்கள் இருப்பதை 1678இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார். பின்வந்தவர்கள் இரண்டு வழிகளை நம்பியிருந்தார்கள். கல்லில் தேய்த்து மெலிதாக்கினால் எனாமல் நிற்கும், கூழ் அழிந்துவிடும். அமிலத்தில் ஊறவைத்தால் கூழ் தப்பும். சுண்ணம் கரைந்து எனாமல் இருந்த இடம் வெறுமையாகிவிடும். திசுவின் நொதிகள் பலவும் செயலிழக்கும். ஒரு பாதியை இழந்துதான் மறுபாதியைக் காண முடிந்தது.

மென்திசுக்களுக்குக் குளிர் கைகொடுத்தது. மினசோட்டாவின் மேயோ மருத்துவமனையில், நோயாளி அறுவை மேசையில் இருக்கும்போதே விடை சொல்ல வேண்டிய தேவை. லூயிஸ் வில்சன் திசுவை உறையவைத்துச் சீவி, மெத்திலீன் நீலச் சாயமேற்றிச் சில நிமிடங்களில் பார்க்கும் முறையை 1905இல் வெளியிட்டார். 1938இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் லிண்டர்ஸ்ட்ரோம்-லாங்கும் மோகன்சனும் வெட்டும் கருவியையே குளிர்பெட்டிக்குள் வைத்தார்கள். ஆனால் பல் மசியவில்லை. எனாமலுக்கு முன் பனிக்கட்டி மிக மென்மையானது. கத்தி பட்டதும் எனாமல் நொறுங்கும், சீவல் சிதறும்.

திருப்பம் பல் ஆய்விலிருந்து வரவில்லை. சுவீடனில் ஸ்வென் உல்பெர்க், கதிரியக்கம் ஏற்றிய பென்சிலின் உடலில் எங்கே சேர்கிறது என்று அறிய, முழுச் சுண்டெலியையே உறையவைத்துச் சீவினார். வெட்டுமுன் அதன் மேற்பரப்பில் ஒட்டுநாடாவை ஒட்டினார். எலும்பு முதல் குடல்வரை எல்லாம் தத்தம் இடத்திலேயே நாடாவோடு வந்தன. அந்த ஆய்வு வெளியானது 1954இல்.

அந்த நாடாவைப் பல்லுக்கேற்ப மெருகேற்றியவர் யோகோஹாமாவின் சுருமி பல்கலைக்கழகப் பல்மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த தடாஃபுமி கவமோட்டோ. கடுங்குளிரிலும் ஒட்டும், ஒளி ஊடுருவும் மெல்லிய படலம். டங்ஸ்டன் கார்பைடு கத்தி. அமிலத்தில் ஊறவைக்காமலே, சில மைக்ரோமீட்டர் தடிமனில் முழுமையான சீவல்கள் கிடைத்தன. படலத்தின் மீதே சாயமேற்றலாம். 2003இல் அவர் வெளியிட்ட முறை எலும்பு ஆய்வகங்களுக்கும் பரவியது.

வளரும் பல்லில், எனாமலைச் சுரக்கும் செல்களையும் அவை சுரந்த எனாமலையும் இன்று ஒரே சீவலில் அருகருகே பார்க்கலாம். கத்தியைக் கூர்மையாக்கியது மட்டும் போதவில்லை. வெட்டுவதற்கு முன்பே சிதறாமல் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.