குழுவின் முன் அதிகாரி

தோழர்களே, நம் வரலாறு தெருவிலும் வயலிலும் மட்டும் நடந்ததில்லை. விசாரணைக் குழுக்களின் அறைகளிலும் நடந்திருக்கிறது. அங்கே அதிகாரி எதைச் சொன்னார், எதை மறைத்தார் என்பதைப் பொறுத்தே நமக்கு நிலமும் வேலையும் கிடைத்தன, அல்லது கைநழுவின.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலமின்மையையும் அடிமைநிலையையும் கண்டபடியே எழுதி அரசுக்கு அனுப்பினார். அதைத் தொடர்ந்து வந்த 1892ஆம் ஆண்டு அரசாணையே பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. பின்னாளில் அந்நிலம் பிறர் கைக்குப் போனபோது, அதே வருவாய்த் துறையின் பதிவேடுகள் அதற்கும் துணைபோயின.

1919 ஜனவரி 27 அன்று வாக்குரிமை பற்றி விசாரித்த சவுத்பரோ குழுவின் முன் அம்பேத்கர் சாட்சியம் அளித்தார். அப்போது அவர் பம்பாய் சிடென்ஹாம் கல்லூரிப் பேராசிரியர். அது அரசுக் கல்லூரி. அரசு ஊதியம் பெற்றுக்கொண்டிருந்தவர், அரசு கேட்க விரும்பியதைச் சொல்லாமல், தீண்டப்படாதோருக்கு மக்கள்தொகைக்கேற்ற பிரதிநிதித்துவம் வேண்டும் என்றார்.

1965இல் ஒன்றிய அரசு அமைத்த குழுவுக்கு நம் இளையபெருமாள் தலைமை தாங்கினார். 1969இல் அறிக்கை வந்தது. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கத் தமிழ்நாடு 1970இல் கொண்டுவந்த சட்டத்திருத்தத்துக்கு அவ்வறிக்கையே காரணமாகக் காட்டப்பட்டது. ஆனால் அரசு அமைக்கும் குழு, அறிக்கை தந்ததும் கலைந்துவிடும். தொடர்ந்து கேள்வி கேட்க ஒரு குழு வேண்டியிருந்தது.

1968இல் உருவான பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நலனுக்கான நாடாளுமன்றக் குழு அப்படிப்பட்டது. மக்களவையிலிருந்து 20 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். அமைச்சர்கள் இதில் உறுப்பினராக முடியாது. ஆட்களையும் ஆவணங்களையும் வரவழைக்கும் அதிகாரம் இதற்கு உண்டு. துறைச் செயலாளரும் பொதுத்துறை நிறுவனத் தலைவரும் இதன்முன் வந்து பதில் சொல்லியாக வேண்டும்.

அந்த அதிகாரியிடம் நாம் கேட்பது கருணையை அல்ல, கணக்கை. எத்தனை பதவிகள், எத்தனை நிரம்பின, எத்தனை ஆண்டுகளாக எத்தனை காலி என்று அவர் பதவிப் பட்டியலோடு வரவேண்டும். ‘தகுதியானவர் கிடைக்கவில்லை’ என்றால், தேர்வு எப்படி நடந்தது என்பதையும் சொல்லவேண்டும். கையில் இல்லாத தகவலை ஊகித்துச் சொல்லாமல், எழுத்தில் தருவதாகச் சொல்லிக் கெடுவுக்குள் தரவேண்டும். இடஒதுக்கீட்டைக் கண்காணிக்க ஒவ்வொரு அமைச்சகத்திலும் தொடர்பு அதிகாரி இருக்கிறார். அவருடைய குறிப்புகளை ஓரங்கட்டிவிட்டு எழுதும் பதில் அரைப் பதிலே. அரசின் கொள்கைக்கு அமைச்சர் பொறுப்பேற்பார். உண்மைத் தகவலுக்குப் பொறுப்பு அதிகாரியுடையது.

நமக்கும் வேலை இருக்கிறது. குழு பரிந்துரைத்த பிறகு, அரசு எடுத்த நடவடிக்கை பற்றி இன்னோர் அறிக்கை வரும். எந்தப் பரிந்துரையை அரசு ஏற்றது, எந்தப் பதிலைக் குழு ஏற்கவில்லை, எதற்கு இறுதிப் பதில் இன்னும் வரவில்லை என்று அது தனித்தனி அத்தியாயங்களாகப் பிரித்துக் காட்டும். ஏற்கப்படாத பதில்களும் வராத பதில்களும் உள்ள அந்தப் பக்கங்களை மாணவர்கள் முதலில் படிக்கவேண்டும். அடுத்த மனுவையும் அடுத்த வழக்கையும் அடுத்த போராட்டத்தையும் அங்கிருந்து தொடங்கலாம். அவை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட ஆவணங்கள். நாம் எடுத்துக் காட்டினால் எந்த அதிகாரியும் அவற்றை இல்லையென்று சொல்ல முடியாது.