ஒரே காடு, இரண்டு சாட்சிகள்

ஒரு குடும்பத்துப் பெண்கள் இருவர் 1832-இல் இங்கிலாந்தின் சஃபோக்கை விட்டு மேல் கனடாவுக்குக் கப்பலேறினார்கள். அக்கா கேத்தரின் பார் ட்ரெயில். தங்கை சுசன்னா மூடி. இருவரும் எழுத்தாளர்கள். இருவர் கணவரும் ஒரே படைப்பிரிவில் பணியாற்றிய, இப்போது பணியில் இல்லாமல் பாதிச் சம்பளம் பெறும் ‘அரைச்சம்பள’ அதிகாரிகள். 1834 முதல் பீட்டர்பரோவுக்கு வடக்கே, ஒரே ஏரிக்கரைக் காட்டில் இருவரும் அருகருகே குடியிருந்தார்கள். ஒப்பாய்வுக்கு இதைவிட நியாயமான களம் அமைவது அரிது. ஆனாலும் அங்கிருந்து பிறந்த நூல்கள் ஒன்றோடொன்று வழக்காடுகின்றன. ட்ரெயிலின் ‘தி பேக்வுட்ஸ் ஆஃப் கனடா’ (1836) வருகிறவர்களுக்குத் தெம்பூட்டுகிறது. மூடியின் ‘ரஃபிங் இட் இன் தி புஷ்’ (1852), வசதியாக வளர்ந்தவர்களே, இந்தப் பக்கம் வராதீர்கள் என்று எச்சரிக்கிறது.

அக்கம்பக்கத்தார் கூடிச் செய்யும் வேலைநாளை இருவரும் எழுதிய விதத்தைப் பார்ப்போம். ட்ரெயில் வீட்டுக்கு மரச்சுவர் எழுப்பப் பதினாறு பேர் வந்தார்கள். உப்பிட்ட பன்றி இறைச்சியும் அரிசிப் புட்டிங்கும் விஸ்கியும் பரிமாறப்பட்டன. வேலை களிப்போடு முடிந்தது. மூடி வீட்டில் வெட்டிய மரங்களை உருட்டி எரிக்க முப்பத்திரண்டு பேரை அழைத்தார்கள். அங்கும் விஸ்கிதான். ஆனால் முந்தைய இரண்டு நாளும் வேலைக்காரியோடு அடுப்படியில் வெந்தவர் மூடி. அவருக்கு இந்த வழக்கமே குடியும் கூச்சலுமான வீண்செலவாகத் தெரிந்தது. அக்கா கைகளை எண்ணினார். தங்கை வாய்களை எண்ணினார். புதிதாக வருகிறவருக்கு இரண்டு கணக்குமே தேவை என்பது என் எண்ணம்.

இதை வைத்து ஒருத்தி நம்பிக்கைக்காரி, இன்னொருத்தி புலம்பல்காரி என்று பிரித்துவிடுவது எளிது. பலர் அப்படித்தான் பிரிக்கிறார்கள். நூல்கள் எழுதப்பட்ட நேரத்தையும் பார்க்க வேண்டும். ட்ரெயிலின் நூல், வந்த புதிதில் எழுதிய கடிதங்களின் வடிவம். விளைச்சல் பொய்க்கும், கடன் ஏறும் என்பதெல்லாம் அப்போது வருங்காலம். மூடியின் நூலோ காட்டைவிட்டு வெளியேறிப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், பெல்வில் நகரத்தில் இருந்துகொண்டு வெளியிட்டது. முடிவு தெரிந்தபின் சொல்லும் கதை அது.

ட்ரெயிலும் முடிவு தெரிந்தபின் ஒரு நூல் எழுதினார்: குடியேறும் பெண்களுக்கான வழிகாட்டி, 1854-இல் வரத் தொடங்கியது. அதில் புகார் இல்லை. ரொட்டி மாவைப் புளிக்கவைப்பது, மேப்பிள் சாறு காய்ச்சுவது, சோப்பு செய்வது என்று செய்முறைகள்தான். ஆனால் நொதிக்குப் பக்கம் பக்கமாக ஒதுக்கியிருப்பதைக் கவனித்தால், எத்தனை வீடுகளில் எழும்பாத ரொட்டியை மென்றிருப்பார்கள் என்று ஊகிக்கலாம். அப்படி ஒரு ரொட்டியை முழுதாகக் காட்டுபவர் மூடி. அவர் சுட்ட முதல் ரொட்டி எழும்பாமல், கணப்புச் சாம்பலில் வைத்த இரும்புச் சட்டிக்குள்ளேயே கருகியது. வீட்டிலிருந்த விருந்தாளி கேலி வேறு செய்தார். அக்காவின் பாடத்துக்குத் தங்கையின் நூலில் உரை கிடைக்கிறது.

எதிர்த்திசையிலும் இது நடக்கிறது. புகார் நூலுக்குள் மூடி ஒரு கச்சிதமான செய்முறையை வைத்திருக்கிறார். டான்டிலியன் வேர்களைத் தோண்டிக் கழுவ வேண்டும். பழுப்புத் தோலைச் சுரண்டக் கூடாது. சிறு துண்டுகளாக நறுக்கி, மொறுமொறுப்பாக வறுத்து, அரைத்துக் காப்பி போடலாம். மாடு என்றாலே அஞ்சியவர் பால் கறக்கக் கற்றார். அதைப் பெருமையோடு பதிவும் செய்தார். கூரையில் தீப்பற்றிய குளிர்நாளில் அலமாரி இழுப்பறைகளை உருவி வெளியே வைத்து, அவற்றில் பிள்ளைகளை உட்காரவைத்துப் போர்த்தினார். சலித்துக்கொண்டே தேர்ச்சி பெற்ற பெண் இவர். இந்தச் சேர்க்கையை விமர்சகர்கள் குறைவாகவே பாராட்டுகிறார்கள்.

எனக்கு வியப்பளித்தது வெளியேறிய வரிசை. முதலில் காட்டு நிலத்தை விற்றவர்கள், தெம்பூட்டிய ட்ரெயில் குடும்பத்தார், ஆண்டு 1839. மூடியின் கணவருக்கு ஷெரிப் பதவி கிடைத்ததால் அவர்கள் 1840 தொடக்கத்தில் பனிச்சறுக்கு வண்டியில் கிளம்பினார்கள். அந்தப் பிரிவு மூடிக்குக் கசந்தது. கணவர் படைப்பணிக்குப் போயிருந்த நாட்களில் தனியே வீட்டைக் காத்த இடமல்லவா! காட்டைப் புகழ்ந்த ட்ரெயிலுக்கும் ஓரிடத்தில் வேர் பிடிக்கவில்லை: ரைஸ் ஏரிப் பக்கம் வாங்கிய வீடு 1857-இல் எரிந்தது, இரண்டு ஆண்டில் கணவர் இறந்தார்.

இரு குடும்பமும் ஒரே நூலில் சேர்வதற்குக் காட்டுப் பூக்கள் காரணமாயின. காட்டில் பணமுடை வந்தபோது மூடி, மேப்பிள் மரப்பட்டையில் முளைக்கும் காளான்களின் வெண்பரப்பில் பறவைகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் தீட்டி விற்றார். ட்ரெயில் அதே காட்டின் பூக்களைப் பெயர் கேட்டுப் பெயர் கேட்டுக் குறித்துவைத்தார். 1868-இல் ‘கனேடியன் வைல்ட் ஃப்ளவர்ஸ்’ வெளிவந்தபோது விளக்கங்களை எழுதியவர் ட்ரெயில். படங்களைக் கல்லச்சுக்கு வரைந்தவர் மூடியின் மகள் ஆக்னஸ்.