மாபெரும் இந்தியர் (கருத்துக்கணிப்பு)

மாபெரும் இந்தியர் (தி கிரேட்டஸ்ட் இந்தியன்) என்பது இந்தியா விடுதலை பெற்ற பின் நாட்டின் வாழ்வில் பெரும் தாக்கம் ஏற்படுத்திய ஆளுமைகளைத் தரவரிசைப்படுத்த 2012 ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட கருத்துக்கணிப்பு ஆகும். அவுட்லுக் இதழ், சிஎன்என்-ஐபிஎன் மற்றும் ஹிஸ்டரி டிவி18 தொலைக்காட்சிகள், பிபிசி ஆகியவை இணைந்து இதனை நடத்தின. ரிலையன்ஸ் மொபைல் நிறுவனம் இதற்கு விளம்பர ஆதரவு அளித்தது. பொதுமக்கள் இணையத்தின் வழியாகவும் தொலைபேசியின் வழியாகவும் வாக்களித்தனர். ஆகஸ்ட் 2012 இல் முடிவுகள் அறிவிக்கப்பட்டன. இந்திய அரசியலமைப்பின் வரைவுக் குழுத் தலைவரான பீ. ரா. அம்பேத்கர் முதலிடத்தையும், இராமேசுவரத்தில் பிறந்த முன்னாள் குடியரசுத் தலைவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் இரண்டாம் இடத்தையும் பெற்றனர்.

பின்னணி

தலைவர்களைத் தரவரிசைப்படுத்தும் வழக்கம் ஐக்கிய அமெரிக்காவில் நெடுநாளாக உள்ளது. வரலாற்றாளர் ஆர்தர் சிலெசிங்கர் (மூத்தவர்) 1948 இல் வல்லுநர்கள் 55 பேரிடம் அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களைப் பற்றிய மதிப்பீட்டைக் கேட்டுப் பெற்று லைஃப் இதழில் வெளியிட்டார். ஆபிரகாம் லிங்கன், ஜார்ஜ் வாஷிங்டன், பிராங்கிளின் ரூசவெல்ட் ஆகியோர் அதில் முதல் மூன்று இடங்களைப் பெற்றனர். சி-ஸ்பான் தொலைக்காட்சி 2000, 2009, 2017, 2021 ஆகிய ஆண்டுகளில் வரலாற்றாளர்களிடம் நடத்திய நான்கு கணிப்புகளிலும் லிங்கனே முதலிடம் பெற்றார்.

பொதுமக்களிடம் கேட்கும்போது விடை மாறுகிறது. காலப் நிறுவனம் பெப்ரவரி 2011 இல் நடத்திய கணிப்பில் 19 விழுக்காட்டினர் ரானல்ட் ரேகனையும், 14 விழுக்காட்டினர் லிங்கனையும், 13 விழுக்காட்டினர் பில் கிளின்டனையும் மிகச் சிறந்த குடியரசுத் தலைவராகக் குறிப்பிட்டனர். 2005 இல் டிஸ்கவரி தொலைக்காட்சி நடத்திய மாபெரும் அமெரிக்கர் வாக்கெடுப்பிலும் ரேகன் முதலிடத்தையும் லிங்கன் இரண்டாம் இடத்தையும் பெற்றனர். நேயர்களின் நினைவில் அண்மையில் வாழ்ந்தவர்களே மேலோங்கி நிற்பர் என்பது இவ்வகைக் கணிப்புகளில் பொதுவாகக் காணப்படும் போக்காகும்.

தொலைக்காட்சி நேயர்களின் வாக்கைக் கொண்டு ஒரு நாட்டின் மாபெரும் மனிதரைத் தெரிவு செய்யும் முறையைப் பிபிசி 2002 இல் பிரித்தானியாவில் தொடங்கியது. பின்னர் பல நாடுகள் இதனைப் பின்பற்றின. மாபெரும் இந்தியர் கணிப்பும் அம்முறையைத் தழுவியதே ஆகும்.

விதிமுறைகள்

பிற நாட்டுக் கணிப்புகளில் எக்காலத்தவரையும் தெரிவு செய்ய இடம் இருந்தது. இந்தியக் கணிப்பு விடுதலைக்குப் பிற்பட்ட காலத்தோடு நிறுத்திக்கொண்டது. மகாத்மா காந்தி போட்டியில் சேர்க்கப்படவில்லை. அவர் பட்டியலில் இருந்தால் முதலிடத்துக்குப் போட்டியே இராது என்று வல்லுநர் குழு கருதியது. எனவே இக்கணிப்பு "காந்திக்குப் பின் மாபெரும் இந்தியர் யார்" என்னும் வினாவையே உண்மையில் எழுப்பியது.

முதலில் 100 பேர் கொண்ட பட்டியல் உருவாக்கப்பட்டது. பல துறைகளைச் சேர்ந்தோர் அடங்கிய நடுவர் குழு அதனை 50 ஆகக் குறைத்தது. அந்த 50 பேரிலிருந்து முதல் 10 பேரைத் தெரிவு செய்ய மூன்று அளவுகோல்கள் சம மதிப்புடன் பயன்படுத்தப்பட்டன. அவை வருமாறு:

1. பொதுமக்களின் வாக்கு
2. நடுவர் குழுவின் கருத்து
3. நீல்சன் நிறுவனம் நடத்திய சந்தை ஆய்வு

இவற்றுள் பொதுமக்கள் வாக்கு என்பது விரும்பி முன்வருவோரின் கருத்து. சந்தை ஆய்வு என்பது ஆய்வாளரே ஆட்களைத் தெரிவு செய்து கேட்டறியும் கருத்து. நடுவர் குழுவின் முடிவு என்பது துறை அறிவுடையோரின் மதிப்பீடு. மூன்றும் ஒரே வினாவுக்கு மூன்று வகையினர் தரும் விடைகள் ஆதலால், அவை ஒத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

முடிவுகள்

முதல் பத்து இடங்களைப் பெற்றவர்கள்:

1. பீ. ரா. அம்பேத்கர் (1891–1956)
2. ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் (1931–2015)
3. வல்லபாய் பட்டேல் (1875–1950)
4. ஜவகர்லால் நேரு (1889–1964)
5. அன்னை தெரேசா (1910–1997)
6. ஜே. ஆர். டி. டாட்டா (1904–1993)
7. இந்திரா காந்தி (1917–1984)
8. சச்சின் டெண்டுல்கர் (பிறப்பு 1973)
9. அடல் பிகாரி வாஜ்பாய் (1924–2018)
10. லதா மங்கேஷ்கர் (1929–2022)

பொதுமக்கள் வாக்கில் அம்பேத்கர் ஏறத்தாழ 19.9 இலட்சம் வாக்குகளும், அப்துல் கலாம் 13.7 இலட்சம் வாக்குகளும், பட்டேல் 5.6 இலட்சம் வாக்குகளும் பெற்றனர். பத்துப் பேருக்கும் கிடைத்த மொத்த வாக்குகளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேலானவை முதல் இருவருக்கே சென்றன. 1.67 இலட்சம் வாக்குகள் பெற்ற வாஜ்பாய் மக்கள் வாக்கில் நான்காவதாக வந்தபோதும் இறுதித் தரவரிசையில் ஒன்பதாம் இடத்தையே அடைந்தார். மாறாக, பத்தாயிரத்துக்கும் குறைவான வாக்குகளைப் பெற்றுப் பத்துப் பேரில் கடைசியாக நின்ற நேரு, மற்ற இரு அளவுகோல்களும் சேர்ந்தபோது நான்காம் இடத்துக்கு உயர்ந்தார். அளவுகோலைத் தெரிவு செய்யும்போதே தரவரிசையும் ஓரளவு தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது என்பதற்கு இவ்விருவரின் இடங்கள் எடுத்துக்காட்டாகும்.

அம்பேத்கரின் முதலிடம்

அம்பேத்கர் தம் வாழ்நாளில் மக்களவைக்கு இருமுறை போட்டியிட்டு இருமுறையும் தோல்வியுற்றார். 1952 பொதுத்தேர்தலில் பம்பாயிலும், 1954 இடைத்தேர்தலில் பண்டாராவிலும் அவர் வெற்றி பெறவில்லை. விடுதலை இந்தியாவின் முதல் சட்ட அமைச்சராக இருந்த அவர், 1951 இல் பதவி விலகினார். 1952 முதல் இறக்கும் வரை மாநிலங்களவை உறுப்பினராக இருந்தார். அவருக்குப் பாரத ரத்னா விருது 1990 இல், இறந்து 34 ஆண்டுகள் கழிந்த பின்னரே வழங்கப்பட்டது. அவருடைய உருவப்படம் நாடாளுமன்ற மைய மண்டபத்தில் திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

வாழும்போது வாக்குச்சீட்டில் தோற்ற ஒருவர், மறைந்து 56 ஆண்டுகளுக்குப் பின் பொது வாக்கெடுப்பில் முதலிடம் பெற்றது இக்கணிப்பின் குறிப்பிடத்தக்க விளைவாகும். அம்பேத்கரைத் தம் விடுதலையின் அடையாளமாகக் கருதும் தலித் மக்களில் கல்வியும் அலைபேசியும் பெற்ற ஒரு தலைமுறை இதற்குள் உருவாகியிருந்தது. எந்த ஊடகங்களில் தங்கள் குரல் குறைவாக ஒலித்ததோ, அவ்வூடகங்கள் நடத்திய வாக்கெடுப்பிலேயே அம்பேத்கர் முதலிடம் பெற்றதை அவர்களுள் பலர் ஓர் அங்கீகாரமாகக் கொண்டனர். அணிதிரண்டு வாக்களித்ததால் கிடைத்த வெற்றி இது என்று குறை கூறுவோரும் உண்டு. ஆயினும் அணிதிரளல் எல்லாத் தேர்தல்களுக்கும் உரிய இயல்பாகும். பிரித்தானியக் கணிப்பில் பொறியாளர் புரூனல் இரண்டாம் இடம் பெற்றதற்கு, அவர் பெயர் தாங்கிய பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் நடத்திய பரப்புரையும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

அப்துல் கலாமும் 2012 குடியரசுத் தலைவர் தேர்தலும்

இக்கணிப்பு நடந்துகொண்டிருந்த அதே வாரங்களில் இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலும் நடந்தது. 2002 முதல் 2007 வரை அப்பதவியை வகித்த அப்துல் கலாம் மீண்டும் போட்டியிட வேண்டும் என்ற கோரிக்கை இணையத்தில் வலுப்பெற்றது. மேற்கு வங்காள முதலமைச்சர் மம்தா பானர்ஜி ஜூன் 2012 இல் முகநூல் வழியாகக் கலாமுக்கு ஆதரவு திரட்டினார். எனினும் போட்டியிடப் போவதில்லை எனக் கலாம் அதே மாதத்தில் அறிவித்தார்.

இந்தியாவில் குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தெரிவு செய்வதில்லை. நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மாநிலச் சட்டப் பேரவைகளிலும் உள்ள தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களே வாக்களிக்கின்றனர். ஜூலை 2012 இல் பிரணாப் முகர்ஜி வெற்றி பெற்றார். அடுத்த மாதம் வெளியான மாபெரும் இந்தியர் பட்டியலில் கலாம் இரண்டாம் இடத்தில் இருந்தார். குடியரசுத் தலைவர் பதவி வகித்தவர்களில் முதல் பத்து இடங்களுக்குள் வந்தவர் அவர் ஒருவரே.

யார் வாக்களித்தனர்

இணைய வாக்கெடுப்பின் முடிவை ஒரு நாட்டு மக்களின் கருத்தாகக் கொள்வதற்குப் பெரும் தடை, வாக்களிக்க இயன்றவர் யார் என்பதாகும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் 3.1 விழுக்காட்டிடம் மட்டுமே இணைய இணைப்புள்ள கணினி இருந்தது. ஊரகக் குடும்பங்களில் இது 0.7 விழுக்காடாகும். தொலைபேசி வைத்திருந்த குடும்பங்கள் 63.2 விழுக்காடு ஆகும். எனவே தொலைபேசி வழி வாக்களிப்பு கணிப்பின் பரப்பை விரிவாக்கியது எனலாம்.

எனினும் தொலைபேசியும் எல்லா இடங்களையும் எட்டவில்லை. தமிழகத்தின் ஜவ்வாது மலையில் 2.34 மீட்டர் தொலைநோக்கி கொண்ட காவலூர் வானாய்வகம் விண்மீன்களின் ஒளியை ஆராய்ந்து வருகிறது. ஆனால் அதே மலைத்தொடரில் மலையாளிப் பழங்குடியினர் வாழும் சிற்றூர்கள் பலவற்றில் அலைபேசித் தொடர்பு கிடைக்காத நிலை நெடுங்காலம் நீடித்தது. பொதுத்தேர்தலில் இச்சிற்றூர் மக்களுக்கும் நகரத்தவருக்கும் வாக்கின் மதிப்பு ஒன்றே. ஆனால் அழைப்பின் வழி நடக்கும் கணிப்பில் அவர்கள் கணக்கில் வருவதே அரிது.

வாக்குகளின் எண்ணிக்கை பெரிதாக இருப்பதும் துல்லியத்துக்கு உறுதி ஆகாது. இதற்கு 1936 அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் பாடநூல்களில் எடுத்துக்காட்டாகக் கூறப்படும். லிட்டரரி டைஜஸ்ட் இதழ் அப்போது ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விடையளித்தனர். அதனைக் கொண்டு ஆல்ஃபிரட் லாண்டன் வெல்வார் என்று இதழ் கணித்தது. ஆனால் பிராங்கிளின் ரூசவெல்ட் 48 மாநிலங்களில் 46 ஐக் கைப்பற்றினார். இதழ் பயன்படுத்திய முகவரிகள் தொலைபேசி, தானுந்து உடையோர் பட்டியல்களிலிருந்து பெரிதும் எடுக்கப்பட்டவை. அக்காலத்தில் அவர்கள் வசதி படைத்தோர். மேலும், விடையளிக்க முன்வந்தோர் முன்வராதோரிடமிருந்து வேறுபட்ட கருத்துடையவராக இருந்தனர். மிகச் சிறிய மாதிரியைக் கொண்டு ஆராய்ந்த ஜார்ஜ் காலப், ரூசவெல்ட் வெல்வார் என்று சரியாகக் கணித்தார்.

பிற நாடுகளில்

* ஐக்கிய இராச்சியம் (2002): வின்ஸ்டன் சர்ச்சில் முதலிடம், புரூனல் இரண்டாம் இடம், இளவரசி டயானா மூன்றாம் இடம்.
* செருமனி (2003): கொன்ராடு அடேனார் முதலிடம். இட்லர் போட்டியிலிருந்து விலக்கப்பட்டார்.
* கனடா (2004): பொது மருத்துவக் காப்பீட்டுக்கு வழிவகுத்த டாமி டக்ளஸ் முதலிடம்.
* தென்னாப்பிரிக்கா (2004): நெல்சன் மண்டேலா முதலிடம். இனவொதுக்கலை வடிவமைத்தவர்களுள் ஒருவரான வெர்வோர்டு 19 ஆம் இடத்துக்கு வந்ததால் சர்ச்சை எழுந்தது.
* பிரான்சு (2005): சார்லஸ் டி கோல் முதலிடம், அறிவியலாளர் லூயி பாஸ்டர் இரண்டாம் இடம்.
* போர்த்துகல் (2007): சர்வாதிகாரி சலாசார் முதலிடம்.
* உருசியா (2008): அலெக்சாந்தர் நெவ்ஸ்கி முதலிடம், ஸ்டாலின் மூன்றாம் இடம்.

செருமனியில் இட்லரும் இந்தியாவில் காந்தியும் நேர் எதிரான காரணங்களுக்காக விலக்கப்பட்டனர். ஒருவர் வெல்லக் கூடாது என்பது முன்னதன் காரணம். ஒருவரே வெல்வார் என்பது பின்னதன் காரணம். எவ்வாறாயினும், வாக்கெடுப்பு தொடங்கும் முன்பே முடிவின் ஒரு பகுதியை அமைப்பாளர்கள் வரையறுத்துவிட்டனர் என்பது இரண்டுக்கும் பொதுவாகும்.

பாரத ரத்னாவுடன் ஒப்பீடு

முதல் பத்து இடங்களைப் பெற்றவர்களுள் எட்டுப் பேர் கணிப்பு நடந்தபோதே பாரத ரத்னா விருது பெற்றிருந்தனர். எஞ்சிய இருவரில் சச்சின் டெண்டுல்கருக்கு 2014 இலும் வாஜ்பாய்க்கு 2015 இலும் அவ்விருது வழங்கப்பட்டது. இவ்வாறு அரசின் தெரிவும் இக்கணிப்பின் தெரிவும் பெயர்களில் முற்றிலும் ஒத்துப்போகின்றன, வேறுபடுவது வரிசையில்தான். பாரத ரத்னாவில் தரவரிசை இல்லை. போட்டியிலிருந்து விலக்கப்பட்ட காந்திக்கும் அவ்விருது வழங்கப்படவில்லை.

இவற்றையும் பார்க்க

* பாரத ரத்னா
* இந்தியக் குடியரசுத் தலைவர்
* அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களின் தரவரிசை
* கருத்துக்கணிப்பு