இரவில் ஒளிரும் யன்னல்

ஊர் உறங்கிய பின்னர்த் தெருவழியே நடந்தவர்கள் இக்காட்சியைக் கண்டிருப்பார்கள். வரிசையாக இருண்டு கிடக்கும் வீடுகளுக்கிடையே ஒரேயொரு யன்னல் மாத்திரம் ஒளிர்ந்துகொண்டிருக்கும். உள்ளே இருப்பவர் யார்? பரீட்சைக்குப் படிக்கும் மாணவனா? நோயுற்ற குழந்தையின் அருகில் விழித்திருக்கும் தாயா? நாம் அறியோம், நடந்து போய்விடுகிறோம். நிழற்படக் கலைஞர் சிலர் அவ்வாறு போகாமல் நின்றுவிட்டார்கள். அவர்களைப் பற்றியே இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நிழற்படத்துக்கும் யன்னலுக்கும் உள்ள உறவு பிறப்போடு வந்தது. கமெராவினால் எடுக்கப்பட்டு இன்று எஞ்சியுள்ள படங்களுள் மிகப் பழையது, பிரான்சு தேசத்து நியெப்ஸ் என்பவர் 1826இலோ 1827இலோ தம் வீட்டு மேல்மாடி யன்னலிலிருந்து எடுத்த காட்சியாகும். இங்கிலாந்திலே தால்பொட் 1835 ஆகஸ்டில் எடுத்த சிறு படமும் அவர் மாளிகையின் யன்னலே. யன்னல் அசையாது; எத்தனை நேரமானாலும் பொறுத்திருக்கும். நியெப்ஸின் தகட்டுக்கு எட்டு மணி நேர வெயிலாவது தேவைப்பட்டது. இத்தகைய கலை இரவை எட்டிப் பிடிப்பது எளிதாயிருக்குமா?

இரவு யன்னலில் ஒரு சங்கடம் உண்டு. சுவரும் தெருவும் தெரிய வேண்டுமென்று நெடுநேரம் ஒளியை விட்டால், யன்னல் வெறும் வெள்ளைச் சதுரமாகிவிடும். அறையின் உள்ளே இருப்பது தெரிய வேண்டுமென்றால், சுற்றியுள்ள உலகம் கரியாகிவிடும். நடமாடும் மனிதரோ நீண்ட ஒளிப்பதிவில் கரைந்து மறைந்துபோவார்கள். ஆகவே இவ்வகைப் படங்களில் நாம் காணும் தனிமையிற் பாதி, வேதியியல் தந்த தனிமையாகும். உள்ளே ஒரு குடும்பமே சிரித்துக்கொண்டு இருந்திருக்கலாம்.

பாரிஸ் நகரத்து இரவைப் படம்பிடித்துப் புகழ்பெற்ற பிரசாய் என்பவர் இதனை நன்கு அறிந்தவர். பிரசோ என்னும் ஊரிற் பிறந்து 1924இற் பாரிசுக்கு வந்த அவர், முக்காலியில் கமெராவை நிறுத்தி, ஒரு சிகரெட் எரிந்து முடியும் நேரத்தை அளவாகக் கொண்டு ஒளியை அளந்தார். 1932இல் வெளிவந்த அவருடைய ‘இரவிற் பாரிஸ்’ என்ற நூல் இவ்வாறு பிறந்ததே. குளிரில் நின்று புகைக்கும் அம்மனிதரே அங்கு உண்மையிற் தனித்தவர் என்று எனக்குத் தோன்றும்.

யன்னலின் மறுபக்கத்தில் நின்றவர் ஒருவரும் உண்டு. செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகராயிருந்த பிராகில் வாழ்ந்த யோசெப் சூடெக் 1896இற் பிறந்தவர். புத்தகம் கட்டும் தொழில் பயின்றவர். முதலாம் உலகப் போரில் இத்தாலியப் போர்முனையிற் காயமுற்று வலக்கையை இழந்தார். ஒற்றைக் கையுடன் கனத்த மரக் கமெராவைக் கையாளப் பழகிக்கொண்டார். 1939 மார்ச்சில் நாசிப் படைகள் நகருக்குள் புகுந்தன. கமெராவுடன் தெருவில் திரிவது ஐயத்துக்கு இடமளித்தது. இரவு வெளிச்சங்களும் மூடப்பட்டன. சூடெக் தோட்டத்து நடுவிலிருந்த தம் மரக்குடிலுக்குள் ஒதுங்கி, 1940 முதல் அதன் யன்னலையே படம்பிடிக்கலானார்.

பகல், அந்தி, இரவு, பனி, மழை என்று அதே கண்ணாடி. வெளியே முறுகி வளைந்த ஒரு மரம். கண்ணாடியிற் படிந்த ஈரத்தை அப்படங்களிற் கூர்ந்து பார்க்க வேண்டும். வெளியே குளிர், உள்ளே அடுப்பின் சூடும் மனித மூச்சும். அவை கண்ணாடியிற் பட்டு நீராகி வழிகின்றன. ஆள் எவரும் தெரியாத படத்திலே, அம்மனிதரின் மூச்சு மாத்திரம் பதிந்திருக்கிறது.

போரின் துயரமே இப்படங்களுக்குக் காரணமென்று சிலர் முடித்துவிடுவர். அதனை நான் முழுமையாக ஏற்கேன். போர் 1945இல் முடிந்தது. சூடெக்கோ 1954 வரை அந்த யன்னலை விடவில்லை. அவர் துறவியுமல்லர். உதவிக்குத் தங்கை இருந்தார். செவ்வாய்க்கிழமை மாலைகளில் நண்பர்கள் அக்குடிலில் நெருங்கி அமர்ந்து, கிராமபோன் இசைத்தட்டுகளைக் கேட்பது வழக்கம். அத்தகைய ஓரிரவில் எவரேனும் தோட்டத்தில் நின்று அந்த யன்னலைப் படம்பிடித்திருந்தால், அதிலும் ஒரு வெள்ளைச் சதுரமே விழுந்திருக்கும்.