கல் யாளியும் துணி யாளியும்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் புகழ்பெற்ற கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று கி.பி. 919ஆம் ஆண்டினது, மற்றது 921ஆம் ஆண்டினது. குடவோலை முறையை விளக்கும் அவற்றைப் பள்ளிப் பாடநூல் தொடங்கி அரசியல் மேடை வரை அனைவரும் எடுத்தாள்கின்றனர். 30 குடும்புகள், ஏரி வாரியம், தோட்ட வாரியம், 35 வயதுக்கு மேல் 70க்குள் என்னும் வரம்பு, கணக்குக் காட்டாதவனுக்குத் தடை என்று அப்பட்டியல் நம்மில் பலருக்கு மனப்பாடம். ஆயினும் அக்கல்வெட்டில் ஒரு சிறுவனும் வருகிறான் என்பதைப் பலர் நினைவிற் கொள்வதில்லை. நம்பிமாருள் மூத்தவர் குடத்தை அனைவரும் காணத் தூக்கி நிற்க, எழுத்துருவம் இன்னதென்று அறியாத பாலன் ஒருவன் கைவிட்டு ஓலையை எடுக்க வேண்டும். அதை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரல்களைக்கூட விட்டுவைக்காத சட்டம்!

சபை கலைந்தபின் அச்சிறுவன் எதை வைத்து விளையாடினான்? கல்வெட்டுக்கு அச்செய்தி தேவையில்லை. நமக்குத் தேவைப்படுகிறது.

அதற்குக் காரணம் நம் இலக்கிய வட்டத்தில் எழுந்த ஒரு வழக்கு. யாளியைத் துணியில் தைத்துப் பஞ்சடைத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். உடனே இரு கட்சிகள் தோன்றிவிட்டன. துணிப்பொம்மை மேல்நாட்டுச் சரக்கு, அதில் யாளியை ஏற்றுவது ஒட்டுமாங்கனி என்றது ஒரு கட்சி. சங்ககாலத்திலேயே நம்மிடம் பஞ்சுப் பொம்மை இருந்தது, உலகுக்கே நாம்தான் கொடுத்தோம் என்றது மற்றது. இவ்விரண்டும் சோம்பலில் பிறந்த முடிவுகள் என்பது நம் கருத்து.

மேல்நாட்டுக் கதையை முதலில் முடித்துவிடுவோம். ஜெர்மனியின் கீங்கன் என்னும் சிற்றூரில் மார்கரெட் ஷ்டைஃப் என்ற தையற்காரப் பெண்மணி வாழ்ந்தார். இளமையிலேயே இளம்பிள்ளை வாதத்தால் நடக்கும் ஆற்றலை இழந்தவர். 1880ஆம் ஆண்டில், ஒரு பெண்கள் இதழில் வந்த வெட்டுமாதிரியைக் கொண்டு, கம்பளித் துணியில் சிறு யானை ஒன்றைத் தைத்தார். அது விளையாட்டுப் பொருளன்று. ஊசி குத்தி வைக்கும் திண்டு. குழந்தைகள்தாம் அதைப் பொம்மையாக்கிக்கொண்டனர். இன்று உலகெங்கும் விற்கும் பஞ்சடைத்த கரடிகளுக்கு அந்த யானை ஒரு பாட்டி முறை. நாம் இங்குக் கவனிக்க வேண்டியது யானையை அன்று; இதழையும் ஆண்டையும் வெட்டுமாதிரியையும். அவை எஞ்சியதால் அந்த யானைக்கு வரலாறு உண்டாயிற்று.

நம் பக்கம் என்ன எஞ்சியிருக்கிறது? பாவை என்னும் ஒரு சொல் எஞ்சியிருக்கிறது. பொம்மை, பெண், கண்மணி, நோன்பு என்று அது தாங்கும் பொருள்கள் பல. சங்க நூல்களில் மகளிர் ஈரமணலில் வண்டற்பாவை செய்கின்றனர்; பஞ்சாய்க் கோரையைக் கிழித்துப் பாவை முடைகின்றனர். கொல்லிமலையில் நின்று காண்போரை மயக்கும் பாவையைப் பற்றிய நம்பிக்கையும் இருந்தது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் ஓர் அழகிய காட்சி உண்டு. தச்சர் செய்து கொடுத்த, ஏறிச் செல்ல இயலாத சிறுதேரை உருட்டித் தளர்ந்த பிள்ளைகள் செவிலியரைத் தழுவிப் பாலுண்டு உறங்குகின்றனர். உத்திரமேரூர் அடங்கிய தொண்டை நாட்டின் விளையாட்டுப் பொருளுக்கு இதைவிடப் பழைய சான்றை நாம் தேட வேண்டியதில்லை. ஆனால் அது மரம். துணி எங்கே?

துணி சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. புகார் நகரில் வாழும் தொழிலாளரை அடுக்கிச் சொல்லும் இந்திரவிழவூர் எடுத்த காதையில், தையற்காரரான துன்னகாரருக்கும் தோல் தைப்பவருக்கும் அடுத்தபடியாகக் கிழியாலும் கிடையாலும் பல பொருள்களைச் செய்வோர் வருகின்றனர். கிழி என்பது துணி. கிடை என்பது நெட்டி. ஆடை தைப்பவரை முன்னரே சொல்லிவிட்டதால் இவர்கள் ஆடை தைப்பவரல்லர். துணியை வெட்டி வேறோர் உருவாக்கும் கைவினைஞர் புகாரில் தனியொரு பிரிவினராக வாழ்ந்தனர் என்பது வரை நாம் உறுதியாகச் செல்லலாம். அதற்கு மேல் ஓரடி எடுத்துவைத்து அவர்கள் பஞ்சடைத்த பொம்மை விற்றனர் என்று எழுதினால் அது ஆராய்ச்சி ஆகாது.

இனி யாளி. சங்க இலக்கியத்தில் ஆளி என்று வரும் விலங்கு யானையைக் கொல்லும் வலிமை உடையது. பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் இளமையிலேயே வென்ற கரிகாலனுக்கு அதன் குட்டியை உவமையாக்குகிறார். தாய்ப்பால் மறவாத குட்டி, தன் முதல் வேட்டையிலேயே களிற்றை வீழ்த்துகிறதாம். கவிஞர் சொல்லில் வைத்த விலங்கைச் சிற்பிகள் பின்னர்க் கல்லில் வைத்தனர். சோழர் கோயில்களின் அதிட்டானத்தில் அது யாளிவரியாகப் படுத்திருக்கிறது. விஜயநகர காலத்துத் தூண்களில் பின்னங்கால்களில் எழுந்து, துதிக்கை தொங்க, பற்கள் தெரிய நிற்கிறது. காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தைப் பார்த்தவர் அந்த நிலையை மறக்க மாட்டார். ஆக, யாளி என்றவுடன் நம் மனம் கருங்கல்லைத் தொடுகிறது. கல் கடினமாக இருப்பதால் யாளியும் கடுமையானது என்று முடிவு செய்துவிடுகிறோம். அந்த விலங்குக்கு நாம் செய்யும் அநீதி அது. ஏனெனில் அதே யாளி துணியிலும் வாழ்ந்தது, வாழ்கிறது.

கல் நின்றது, துணி மக்கியது. கரையானும் மழையும் வெயிலும் உள்ள நாட்டில் வேறு எதிர்பார்க்கலாகாது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உரோமானியர் காலத்து எகிப்தியத் துணிப்பொம்மை ஒன்று இருக்கிறது. சணல்நார்த் துணியால் ஆன உடலுக்குள் கந்தலும் பாப்பிரசு நாணலும் அடைத்திருக்கின்றனர். எகிப்தியக் குழந்தைகள் நம் குழந்தைகளைவிடப் பொம்மையை அதிகம் நேசித்தனர் என்பதற்கன்று, எகிப்திய மணல் உலர்ந்தது என்பதற்கே அது சான்று. இந்தியப் பருத்தித் துணிகளின் பழைய துண்டுகளையே நாம் செங்கடற்கரைப் பெரெனிகேயில்தான் தேட வேண்டியிருக்கிறது. தமிழி எழுத்துப் பொறித்த பானையோடு கிடைத்ததும் அதே துறைமுகத்தில்தான். நெய்தவன் நாடு ஈரம். வாங்கியவன் நாடு வறட்சி. சான்று வாங்கியவனிடம் தங்கிவிட்டது.

ஆனால் தைத்தவன் ஊதியம் பெற்ற கணக்கு கல்லில் ஏறியிருக்கிறது. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு 1014ஆம் ஆண்டளவில் ஏற்படுத்திய பணியாளர் நிவந்தக் கல்வெட்டை நாம் பெரும்பாலும் தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவருக்காகவே படிக்கிறோம். அதே பட்டியலைத் தொடர்ந்து வாசித்தால் குடை பிடிப்போர், விளக்கிடுவோர், குயவர், வண்ணார் ஆகியோரோடு தையான் வருகிறான். மணிகளைக் கோத்துத் தைக்கும் இரத்தினத் தையான் வருகிறான். கோயிலுக்குத் தையற்காரன் ஏன்? இறைவனுக்கு உடையும் குடையும் கொடியும் திரையும் விதானமும் வேண்டும் அல்லவா!

அந்தத் தையலின் இன்றைய உருவத்தைத் தேரில் காணலாம். தேரின் பக்கங்களில் குழல் வடிவில் தொங்கும் துணி உருளைகளுக்குத் தொம்பை என்று பெயர். தஞ்சை, கும்பகோணம் பகுதிகளில் இவற்றைத் தைப்போர் இருக்கின்றனர். சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு, வெள்ளை என்று பளீரிடும் துணிகளில் உருவங்களை வெட்டி, வேறு நிறத் துணியின்மேல் வைத்து, விளிம்பை மடித்துத் தைப்பர். மயில், கிளி, தாமரை, இருதலைப்பட்சி ஆகியவற்றோடு யாளியும் அங்கு உண்டு. தைக்காமல் வண்ணந்தீட்டிச் செய்யும் தொம்பைகளும் உள்ளன. அக்கலையான கருப்பூர்க் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தேர் நகரும்போது தொம்பை ஆடும். அதிலுள்ள யாளியும் ஆடும். கல் யாளியால் இயலாத செயல்.

சில ஆண்டுகளில் அத்துணி வெளுத்துக் கிழியும்; புதியது தைக்கப்படும். பழையதை எடுத்துவைப்பவர் அரிது. இங்கேதான் நம் கவலை. ஒரு தூண் சிதைந்தால் நாளிதழில் செய்தி வருகிறது. ஒரு தையற்காரரின் வெட்டுமாதிரி அட்டைகள் பழைய பேப்பர்காரரிடம் போனால் ஒருவருக்கும் தெரிவதில்லை. துணிக்கலையில் நிலைப்பது துணியன்று, மாதிரிதான். ஷ்டைஃப் அம்மையாரின் யானைக்கு ஓர் இதழ் செய்ததை நம் யாளிக்கு எந்த இதழும் செய்யவில்லை.

தமிழ்க் கடற்கரையில் பிறந்த ஆண்டோடு சொல்லத்தக்க துணிப்பொம்மை ஒன்று உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின், ஆரோவில்லின் உபாசனா வடிவமைப்பகம் மீனவப் பெண்களுக்குக் கழிவுத் துணியில் சிறு பொம்மை செய்யப் பயிற்சி அளித்தது. சுனாமிகா என்று பெயரிட்டனர். அது விற்கப்படவில்லை, அன்பளிப்பாகவே கைமாறியது. உயிர்களைக் கொண்டுபோன கடலின் பெயரையே ஒரு விரலளவுப் பாவைக்குச் சூட்டிய அத்துணிவை நாம் இன்னும் வியக்கிறோம்.

பேச்சோடு நில்லாமல், உத்திரமேரூரில் ரவிக்கை தைக்கும் அம்மையார் ஒருவரிடம் யாளியின் படத்தைக் கொடுத்தோம். நெடுநேரம் பார்த்துவிட்டு, "சார், இது யானையா சிங்கமா? எதுன்னு சொன்னாத்தானே வெட்ட முடியும்?" என்றார். "ரெண்டும்தான் அக்கா" என்றோம். "அப்ப தலைய தனியா வெட்டிக்கிறேன்" என்று சாக்கட்டியை எடுத்துவிட்டார். சிற்ப நூல்கள் சிம்ம யாளி, கச யாளி என்று வகுத்துப் பேசும் சிக்கலை அவர் ஒரு கழுத்துத் தையலில் தீர்த்ததைக் கண்டோம்.

தொம்பை யாளி பக்கவாட்டில் பார்க்கும் தட்டை உருவம். பொம்மைக்கு அது போதாது. ஒரே மாதிரியில் எதிரெதிராக இரு துண்டுகள் வெட்டி, நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி வைத்து, சுற்றிலும் பின்தையல் இட்டு, வயிற்றில் இரு விரல் நுழையும் இடைவெளி விட வேண்டும். வளைவுகளில் தையலைத் தொடாமல் சிறு வெட்டுகள் கொடுக்காவிட்டால் புரட்டும்போது துணி சுருங்கும். மிகவும் தொல்லை கொடுத்தது துதிக்கை. சுண்டுவிரல் பருமனுள்ள அக்குழாயை வெளியே புரட்ட அவர் பாவாடை நாடா கோக்கும் ஊக்கைப் பயன்படுத்தினார். அடைத்தது இலவம்பஞ்சு, அதைப் பிய்த்து உதிர்த்துச் சிறிது சிறிதாகத் திணித்தால்தான் கட்டி தட்டாது. பிடரிக்குப் பழைய பட்டுச் சேலையின் சரிகைக் கரையைக் கீற்றுக் கீற்றாக வெட்டிச் சுருட்டித் தைத்தார். தந்தத்துக்கு வெள்ளை லைனிங் துணி.

யாளி நிற்கவில்லை. தூணில் எழுந்து நிற்கும் அந்தப் பின்னங்கால்கள் பஞ்சில் மடிந்தன. அம்மையார் அவற்றை முன்புறம் மடக்கித் தைத்து விலங்கை உட்கார வைத்துவிட்டார். முகத்தில் சினம் இருந்தது. உட்கார்ந்த நிலையில் அச்சினம் சோறு கேட்கும் பிள்ளையின் சினமாக மாறிவிட்டது. இதைக் குறை என்று நாம் கருதவில்லை. முடத்தாமக்கண்ணியார் பாடியதும் பால்குடி மறவாத குட்டியைத்தானே?

தையல் என்னும் சொல்லுக்குத் தமிழில் அழகு என்றும் பெண் என்றும் பொருளுண்டு. நிகண்டுகளைக் கற்பிக்கும் நமக்கு அதில் ஒரு பெருமிதம் உண்டு. ஆனால் அந்த அம்மையாருக்குத் தையல் என்பது ஒரு ரவிக்கைக்கு இவ்வளவு கூலி என்னும் கணக்கு. யாளிக்கு அவர் செலவிட்ட பொழுதில் இரு ரவிக்கைகள் முடிந்திருக்கும். அக்கணக்குப்படியே கூலி கொடுத்தோம். கைவினையைப் போற்றிவிட்டு விலையைக் குறைக்கச் சொல்வது நம் படித்த வட்டத்தின் பழைய நோய்.

கண்களைக் கடைசியில்தான் தைத்தார். சிற்பிகளும் கண்ணைக் கடைசியில் திறப்பார்கள் என்று நாம் சொன்னோம். அவர் சொன்ன காரணம் வேறு. பஞ்சடைப்பதற்கு முன்னரே கண் வைத்தால், அடைத்தபின் முகம் உப்பி இரு கண்களும் காதுப்பக்கம் போய்விடுமாம். பொத்தான் வேண்டாம், சிறுபிள்ளை பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும் என்று கறுப்பு நூலைச் சங்கிலித் தையலாகச் சுற்றிச் சுற்றி இரண்டு உருண்டைக் கண்கள் வைத்தார். பின்னர், தலைக்கும் உடலுக்கும் வெட்டிய செய்தித்தாள் மாதிரிகளை எம்மிடம் நீட்டினார். அவற்றைத் தடித்த அட்டையில் வரைந்து, ஆண்டும் ஊரும் எழுதி, கல்லூரித் தமிழ்த்துறை நூலகத்தில் கல்வெட்டுத் தொகுதிகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம்.