நடக்கச் சிரமப்படும் குழந்தைக்கு தீவிர பிசியோதெரபி: செய்யூர் பெற்றோர் எங்கே போகலாம்?

“வளர்ந்தா சரியாகிடும்”னு காத்திருக்கலாமா? வேண்டாம். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்குப் பயிற்சியைச் சீக்கிரம் தொடங்குவதே நல்லது.

தீவிரப் பயிற்சி என்றால் என்ன?
எழுந்து நிற்பது, படியேறுவது என ஒரு இலக்கு வைத்து, சில வாரங்கள் கிட்டத்தட்ட தினமும் தரும் பயிற்சி. கை, காலை நாம மடக்கி நீட்டினா மட்டும் போதாது. குழந்தையே முயற்சி செய்யணும். மூளையில் ஏற்பட்ட பாதிப்பு மறையாது. ஆனால் அன்றாட வேலைகள் எளிதாகலாம்.

எங்கே போகலாம்?
செங்கல்பட்டு மாவட்டத்திலேயே, முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. பிசியோதெரபி பிரிவும் உண்டு.

தினமும் போக முடியலையா?
வீட்டுப் பயிற்சியைக் கற்றுத்தரச் சொல்லிக் கேளுங்க. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் வீடு தேடி பிசியோதெரபி தரப்படுகிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிங்க.