அடைப்புக்குறி இல்லாத கணக்கு

2 + 3 × 4. இதன் விடை என்ன? பெருக்கலை முதலில் செய்யவேண்டும் என்று பள்ளியில் படித்த நீங்கள் 14 என்பீர்கள். மலிவான கைக்கணிப்பான் ஒன்றில் அதே வரிசையில் தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் 20 என்று காட்டும்! வந்ததை வந்தபடியே அது கணக்கிட்டுவிடுகிறது.

தர்க்கத்திலும் இதே தொல்லைதான். 'பத்தாம் வகுப்புத் தேறியவர் அல்லது தொழிற்பயிற்சி பெற்றவர் மற்றும் 18 வயது நிரம்பியவர் விண்ணப்பிக்கலாம்' என்று ஒரு விதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்புத் தேறி, தொழிற்பயிற்சி பெறாத 17 வயதுப் பையன் விண்ணப்பிக்கலாமா? அடைப்புக்குறியை எங்கே போடுகிறோம் என்பதில் அவன் பிழைப்பே அடங்கியிருக்கிறது.

வார்சா பல்கலைக்கழகத்தில் தர்க்கவியல் பேராசிரியராயிருந்த யான் வுகாஷேவிச்சுக்கு 1924இல் ஒரு வழி தோன்றியது. குறியை முன்னால் எழுதினால் அடைப்புக்குறியே வேண்டாம்: + 2 × 3 4. அவர் நாட்டின் பெயரால் இது 'போலந்து முறை' ஆயிற்று.

1950களில் கணிப்பொறி வல்லுநர்கள் குறியைப் பின்னால் தள்ளினார்கள்: 2 3 4 × +. ஆஸ்திரேலியரான சார்லஸ் ஹாம்ப்ளின் இதை எடுத்துரைத்தார். ஜெர்மனியின் பாவரும் சாமெல்சனும் இதற்கேற்ற 'அடுக்கு' முறைக்கு 1957இல் காப்புரிமை கோரினார்கள். சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்குவதுபோல எண்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கவேண்டும். குறி வந்தால் மேலிருக்கும் இரண்டை எடுத்துக் கணக்கிட்டு, விடையைத் திரும்ப மேலே வைக்கவேண்டும். × வந்ததும் 3, 4 போய் 12 வரும். + வந்ததும் 14. அவ்வளவுதான்!

நம் பையனின் வழக்கையும் இப்படியே தீர்க்கலாம். உண்மை, பொய், பொய், மற்றும், அல்லது: விடை உண்மை. உண்மை, பொய், அல்லது, பொய், மற்றும்: விடை பொய். விதியை எழுதியவர் எதை நினைத்தாரோ, அதை வரிசையே காட்டிவிடும்.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ராபர்ட் மாரிஸும் லொரிண்டா செரியும் எழுதிய 'டிசி' என்ற நிரல் இந்த அடுக்கின்மேல்தான் நிற்கிறது. யூனிக்ஸின் மிகப் பழைய நிரல்களில் அது ஒன்று. கட்டளை வரியில் 'டிசி'யை அழைத்து, 2 3 4 * + என்று தட்டி, 'பி' என்ற ஆங்கில எழுத்தைச் சேர்த்தால் 14 அச்சாகும். பெருக்கலுக்கு அங்கே நட்சத்திரக் குறிதான்.

தலைகீழாக எழுத எல்லாருக்கும் மனம் வருமா? 1975இல் 'பிசி' வந்தது. நாம் வழக்கமாக எழுதும் 2 + 3 * 4 என்பதை அது வாங்கிக்கொள்ளும். ஆனால் அன்றைய 'பிசி' தானாகக் கணக்குப் போடவில்லை. அதைத் தலைகீழாக மாற்றி, ஓசைப்படாமல் 'டிசி'யிடம் கொடுத்துவிட்டது.